பி.ஏ. வரலாறு

அந்த டயாலிசிஸ் பிரிவில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. அங்கே அவள் பெயர் ‘வரலாறு’. அதைச் சூட்டியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன் தன் படுக்கையருகே வந்து நின்றவளை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க டாக்டராம்மா?”

“இல்லைங்க ஐயா. பி.ஏ.”

“பி.ஏ.வா? எதுல? வரலாறா, பொருளாதாரமா?”

பக்கத்துப் படுக்கைகள் எல்லாம் சிரித்துவிட்டன. அவளும் சிரித்தபடியே சொன்னாள்: “அந்த பி.ஏ. இல்லைங்க. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். உங்களை முதல்ல நான் பார்ப்பேன். பார்த்ததை டாக்டர்கிட்ட சொல்வேன். அவர் சொல்றதைச் செய்வேன். அவர் இங்க இல்லாத நேரத்துல உங்களை விட்டுக் கண்ணை எடுக்காம இருப்பேன்.”

“அப்ப டாக்டர் டிரைவர், நீங்க கண்டக்டர்.”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன்.”

“இருந்தாலும் வரலாறுதான் உங்களுக்கு எடுப்பா இருக்கு” என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து வரலாறு மேடம், வரலாறு அக்கா, வெறும் வரலாறு. டாக்டரே ஒருமுறை வாய் தவறி, “வரலாறு எங்கே?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் வேறு பெயர். நாத்தனார் எங்கே போனாலும், “எங்க அண்ணி அரை டாக்டர்” என்றுதான் அறிமுகம் செய்வாள். இந்த அண்ணியோ மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் மயிரிழையில் கோட்டைவிட்டவள். அந்தக் காயம் ஆறி வெகு காலம் ஆகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ‘அரை’ என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அடியில் எங்கேயோ சுருக்கென்று தைக்கும். பேக்கரி நடத்துகிற கணவனிடம் சொன்னால், “நீ முழு டாக்டரா ஆகியிருந்தா இந்த மாவு மூட்டையைக் கட்டியிருப்பியா?” என்று கேட்டு அவளைச் சிரிக்கவைத்துவிடுவான்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம் அது. ஆறு படுக்கைகள், ஆறு மெஷின்கள். டாக்டருக்கோ ஊரின் மூன்று மூலைகளில் மூன்று பிரிவுகள். ஆகவே நோயாளி உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது அவள்தான். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சைக் கேட்பாள். எவ்வளவு நீர் எடுக்கலாம், எந்த மருந்தை மாற்றலாம் என்று யோசித்து டாக்டரைப் போனில் கூப்பிடுவாள். “எனக்குச் சரியா சொல்லணும்னு காத்திருக்காதீங்கம்மா. சீக்கிரமா சொல்லுங்க. சரியா தப்பான்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கலாம்” என்று முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்.

ஒருவரோடுதான் ஒத்துப்போகவில்லை. டெக்னீஷியன். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அந்த மெஷின்களைக் கட்டிக் காத்தவர். எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’. அவள் வருவதற்கு முன்பு டாக்டர் நேரே அவருக்குத்தான் போன் செய்வார். இப்போது நடுவில் ஒருத்தி. அவர் சண்டை போடுகிறவர் அல்ல. “மேடம் சொன்னா சரிதான்” என்பார், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்கிற தோரணைக்கு, நேரே நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருக்கும்.

அன்றைக்குக் காலை ஷிப்ட் முடிந்து, மத்தியான ஷிப்ட் நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் கடைசியாக வந்தார். முந்தைய முறை அவர் வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம். பேத்தி கையால் கொடுத்த பழச்சாற்றை வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லையாம்.

“எத்தனை டம்ளர் ஐயா?”

“குழந்தை கொடுத்ததை எண்ணிக்கிட்டா குடிப்பாங்க?”

பேச்சில் குறும்பு குறையவில்லை. ஆனால் படுக்கையில் ஏறும்போது அவர் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு, அடுத்ததைத் தூக்கக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சிஸ்டரிடம் இசிஜி எடுக்கச் சொன்னாள். தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் கூடாரம்போலக் கூர்மையாக ஒரு மேடு. பழச்சாறும் தவறிப்போன டயாலிசிஸும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது. இன்னும் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

டாக்டர் இன்னொரு மருத்துவமனையில் இருந்தார். படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

“உடனே மெஷின்ல போடுங்க. மானிட்டர் மாட்டிடுங்க. கால்சியம் ஊசியைக் கைக்கெட்டுற தூரத்துல எடுத்து வைங்க. இன்னொரு கேஸ் இருக்கு, அதை முடிச்சுட்டு நேரா அங்கதான் வரேன். நடுவுல ஏதாவது மாறினா உடனே கூப்பிடுங்க.”

காலியாக இருந்தது ஐந்தாவது மெஷின்தான். அதுவும் ஆறாவதும் பழையவை. மற்ற நான்கிலும் பேட்டரி உண்டு. மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் ரத்தத்தைச் சுற்றவைக்கும். பழைய இரண்டில் அது செத்துப்போயிருந்தது. மாற்றித் தரச் சொல்லி அண்ணன் கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டார்.

கூடத்தின் எதிர்வரிசைக் கோடியில், ஆறாவதில் டீச்சர் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள்; அதிகம் பேசமாட்டாள். அவளுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கத் தங்கை முன்வந்திருந்தாள். பரிசோதனைகள் எல்லாம் பொருந்தி, அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. முந்தின நாள் டீச்சர் ஒரு பல் பிடுங்கியிருந்ததால், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மருந்தை அன்றைக்கு மட்டும் நிறுத்தியிருந்தார்கள். அந்த மருந்து இல்லாமலும் மெஷின் ஓடும். ஆனால் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயில் நின்றால் கெட்டியாகிவிடும்.

டிரைவரின் ரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்பத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மின்சாரம் போனது.

கட்டடத்தின் நடுவில் இருந்த அந்தக் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. நடுப்பகலில் கும்மிருட்டு. குளிர்சாதனத்தின் இரைச்சல் நின்றதும் ஒரு கணம் யாரோ காதைப் பொத்தியது போலிருந்தது. அடுத்த கணம் மெஷின்கள் ஒரே குரலில் அலறத் தொடங்கின. சுவரில் இருந்த ஒற்றை அவசர விளக்கு மஞ்சளாக எரிந்தது.

“ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. ஜெனரேட்டர் வந்துடும். யாரும் கையை அசைக்காதீங்க” என்று அண்ணன் சத்தம் போட்டுச் சொன்னார்.

எப்போதும் வந்துவிடும். பத்து எண்ணுவதற்குள் வந்துவிடும். அவள் மனசுக்குள் எண்ணினாள். பத்தைத் தாண்டியும் வரவில்லை. அண்ணன் கீழே எலெக்ட்ரீஷியனைப் போனில் பிடித்தார். “ஸ்டார்ட் ஆகலையா? ஆகலைன்னா என்னய்யா அர்த்தம்?”

அவள் ஆறாவது மெஷினிடம் போய்விட்டாள். பம்ப் அசையாமல் நின்றது. “அண்ணா, டீச்சருக்கு உறையாம இருக்கிற மருந்து போடலை. கையால சுத்தி ரத்தத்தைத் திருப்பி உள்ள அனுப்பிடலாம்.”

“கொஞ்சம் பொறுங்க மேடம். குழாயைப் பிடிச்சிருக்கிற கிளாம்பை அவுத்துட்டா, பாதியில கரண்ட் வரும்போது மெஷின் தாறுமாறா நின்னுடும். இதோ வந்துடும்.”

மெஷின் அவருடைய ராஜ்யம். அதில் தலையிட்டால் அவருக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். அவள் பொறுத்தாள். எவ்வளவு நேரம் பொறுத்தாள் என்று பிறகு எத்தனையோ முறை கணக்குப் பார்த்திருக்கிறாள். கணக்கு ஒருமுறையும் ஒன்றாக வந்ததில்லை.

கூடத்தில் இரண்டு சிஸ்டர்கள். இளையவள் பேட்டரியில் ஓடும் நான்கு படுக்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் ஒன்றில் இருந்த முதியவர் தலை சுற்றுகிறது என்று சரியத் தொடங்கினார். அவள் அவருடைய காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்று மெஷின்களையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளை அங்கிருந்து அசைக்க முடியாது.

“வரலாறு அக்கா!” மூத்த சிஸ்டர் டிரைவரின் படுக்கையிலிருந்து கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் இவள் டிரைவரிடம் ஓடினாள்.

பேட்டரியில் ஓடிய மானிட்டரில் கூடாரங்கள் இப்போது அகன்று, சரிந்து, ஒன்றோடொன்று கைகோக்கப் போவதுபோல விரிந்துகொண்டிருந்தன. துடிப்பு குறைந்திருந்தது. டிரைவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் பேசவில்லை. அந்த மனிதர் பேசாமலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

“ஐயா, என்னைப் பாருங்க. மூச்சு விட முடியுதா?”

முடிகிறது என்று அவர் தலையை அசைத்தார்.

டாக்டரைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கூடத்தைப் பெருக்குகிற அக்காவிடம், “கீழே எமர்ஜென்சில இருக்கிற டாக்டரைக் கையோட கூட்டிட்டு வாங்க. இதயம் நிக்கப் போகுதுன்னு சொல்லுங்க” என்றாள். அந்த அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“சிஸ்டர், கால்சியத்தை ஊசியில எடுங்க.”

பொட்டாசியம் ஏறிய இதயத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிற மருந்து அது. சிஸ்டர் எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “ஆர்டர் இருக்கா அக்கா?”

“எடுத்து வைக்கச் சொன்னார். போடச் சொல்லலை. மாறினா கூப்பிடுன்னார்.”

“எடுக்க மாட்டேங்கிறாரே.”

“மறுபடி கூப்பிடுறேன்.”

இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. கூடத்தின் மறுகோடியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. ஜெனரேட்டரை நம்பிப் பயனில்லை என்று அவருக்கும் புரிந்துவிட்டது. மெஷினின் பின்புறமிருந்து கைப்பிடியை உருவிப் பம்ப்பில் மாட்டியிருந்தார். “மேடம், இங்க ஒரு ஆள் வேணும்! நான் சுத்தணும், குழாய்ல காத்து வருதான்னு ஒருத்தர் பார்க்கணும். இருட்டுல ரெண்டையும் நான் ஒருத்தனே பார்க்க முடியாது. வாங்க!”

அவள் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் டீச்சரின் முகம் தெரிந்தது. டீச்சர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே இருப்பது இவளும் சிஸ்டரும். ஊசியை மெல்ல மெல்லச் செலுத்த ஒருத்தி வேண்டும். மானிட்டரைப் பார்த்து நிறுத்தச் சொல்ல ஒருத்தி வேண்டும். இவள் போனால் சிஸ்டர் தனியாகிவிடுவாள். டிரைவரின் குழாயில் உறையாமல் தடுக்கிற மருந்து இருக்கிறது, அது தாங்கும்; அவருடைய இதயம் தாங்காது. டீச்சரின் இதயத்துக்கு ஒன்றுமில்லை, அவளுடைய குழாய் தாங்காது. சொல்லிப் பார்த்தால் இவ்வளவுதான். அந்த நேரத்தில் அது அவள் நெஞ்சைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தது.

“என்னால வர முடியாது அண்ணா” என்றாள். “வெளியே டீச்சரோட தங்கச்சி இருப்பாங்க. அவங்களைக் கூப்பிட்டு லைட் பிடிக்கச் சொல்லுங்க. சுத்த ஆரம்பிங்க!”

மூன்றாவது முறை கூப்பிட்டாள். எதிர்முனையில் ஏதோ ஒரு பெண்ணின் குரல்: “சார் கையில கிளவுஸ். போனை அவர் காதுல வைக்கிறேன், சொல்லுங்க.”

“சார், கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் வரலை. டிரைவரோட மெஷின் நின்னுடுச்சு. இசிஜி அகலமா விரியுது. துடிப்பு நாற்பதுக்குக் கீழே. கால்சியம் கையில இருக்கு.”

“போடுங்க. மெதுவா, மானிட்டரைப் பார்த்துக்கிட்டே. அப்புறம் பொட்டாசியம் இறங்க இன்சுலினும் குளுக்கோஸும். நான் இதை முடிச்சதும் கிளம்புறேன்.”

அந்த மூன்றாவது அழைப்பையும் யாரும் எடுக்காமல் போயிருந்தால், எமர்ஜென்சி டாக்டரும் வந்து சேராதிருந்தால், தான் என்ன செய்திருப்போம் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. போட்டிருப்பேன் என்று சில நாள் தோன்றும். போட்டிருக்க மாட்டேன் என்று சில நாள் தோன்றும்.

சிஸ்டர் செலுத்தினாள். இவள் ஒரு கையை டிரைவரின் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஊசி கால்வாசி இறங்கியது. ஒன்றும் மாறவில்லை. பாதி. அகன்ற மேடுகள் அப்படியேதான் இருந்தன. இவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் பம்ப்பின் உருளை கரகரவென்று சுற்றும் சத்தம் கேட்டது. அண்ணன் ஆரம்பித்துவிட்டார். அது நல்ல சத்தம்.

முக்கால்வாசி இறங்கியபோது திரையில் ஒரு துடிப்பு மெலிந்தது. அடுத்ததும் மெலிந்தது. “அக்கா…” என்றாள் சிஸ்டர். “பேசாதீங்க. போடுங்க” என்றாள் இவள். மேடுகள் ஒடுங்கி, துடிப்புகள் கிட்டக் கிட்ட வரத் தொடங்கின.

அப்போதுதான் அந்த நல்ல சத்தம் நின்றுபோயிருப்பதை அவள் கவனித்தாள்.

திரும்பினாள். டீச்சரின் தங்கை, அலுவலக உடையில், இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்து வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் அண்ணன் கைப்பிடியை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். குழாய் முழுதும் கரும்சிவப்பு. சுண்டிப் பார்த்தார், அசையவில்லை.

“ஏன் நிறுத்திட்டீங்க?” தங்கை கேட்டாள். “சுத்துங்க! இன்னும் பாதிகூடப் போகலையே!”

“உறைஞ்சிடுச்சும்மா. இதுக்கு மேல தள்ளினா கட்டி உள்ள போயிடும். அது உயிருக்கே ஆபத்து.” சொல்லிவிட்டு அவர் இரண்டு பக்கமும் குழாயை இறுக்கிப் பூட்டினார். மெஷினுக்குள் நின்றுபோன ரத்தம் ஒரு பெரிய டம்ளர் நிறைய இருக்கும். நல்ல உடம்புக்கு அது பெரிய விஷயமில்லை. டீச்சருக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. அடுத்தவர் ரத்தத்தை ஏற்றி ஈடுகட்டவும் யோசிக்க வேண்டும். ஏற்றினால், தங்கையின் சிறுநீரகத்தை உடம்பு எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிடலாம்.

அண்ணன் நிமிர்ந்து, கூடத்தின் குறுக்கே அவளைப் பார்த்தார். பிறகு கைப்பிடியை எடுத்துக்கொண்டு டிரைவரின் மெஷினுக்கு வந்தார். “மேடம், நீங்க குழாயைப் பாருங்க. நான் சுத்துறேன்.”

அவள் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டாள். அவர் ஒரே சீராகச் சுற்றினார். டிரைவரின் ரத்தம் துளி மிச்சமில்லாமல் உள்ளே போனது. எமர்ஜென்சி டாக்டர் மூச்சிரைக்க வந்து நின்று, மானிட்டரைப் பார்த்துவிட்டு, இன்சுலினையும் குளுக்கோஸையும் ஏற்றத் தானே கை கொடுத்தார். முதியவருக்குச் சரிந்த ரத்த அழுத்தம் மறுபடி சரியாகியிருந்தது. ஒருவழியாக விளக்குகள் எரிந்தபோது எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பவர்களைப்போலப் பார்த்தார்கள். அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் விரல்கள் டிரைவரின் மணிக்கட்டில் அழுந்திய இடம் சிவந்து கிடந்தது.

டாக்டர் வந்து, டிரைவரைப் பேட்டரி உள்ள ஒரு மெஷினுக்கு மாற்றிப் போட்டுவிட்டு, “டீச்சர்கிட்ட நான் பேசுறேன்” என்றார்.

“நான் முதல்ல போறேன் சார். நீங்க அப்புறம் வாங்க” என்றாள் அவள்.

டீச்சர் உட்கார்ந்திருந்தாள். தங்கை பக்கத்தில் அழுது முடித்திருந்தாள். இவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, மெஷினில் எவ்வளவு ரத்தம் போயிற்று, ஏன் திருப்பித் தர முடியவில்லை, இனி என்னென்ன ஆகலாம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். டீச்சர் கடைசிவரை கேட்டாள்.

“அவர் கூப்பிட்டப்போ நீங்க வரலை” என்றாள் பிறகு.

“ஆமா.”

“பார்த்தீங்க. பார்த்துட்டுத் திரும்பிக்கிட்டீங்க.”

“ஆமா டீச்சர். அங்க விட்டா ஐயா போயிருப்பார். இங்க விட்டா உங்களுக்கு இது ஆகும்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்.”

டீச்சர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விசாரணைக் கூட்டம் நிர்வாகியின் அறையில் நடந்தது. “டாக்டர் இல்லாதப்போ இந்த முடிவை யார் எடுத்தது?” என்பதுதான் நிர்வாகியின் முதல் கேள்வி.

“நான்தான் சார்” என்றாள் அவள். ஆரம்பத்தில் காத்திருந்ததைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார். “இவங்க உடனே சுத்தலாம்னாங்க. பொறுங்கன்னு சொன்னது நான். மெஷின் விஷயத்துல என் பேச்சை மீறக் கூடாதுன்னு இவங்களும் பொறுத்தாங்க. அந்த நேரம் மட்டும் கையில இருந்திருந்தா டீச்சர் ரத்தம் திரும்பியிருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, நிர்வாகியைப் பார்த்தார். “பேட்டரி இருந்திருந்தா நாங்க ரெண்டு பேருமே இந்த ரூமுக்கு வந்திருக்க மாட்டோம் சார்.”

டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். “ஒரு ஷிப்டுக்கு இன்னொரு சிஸ்டர், ரெண்டு பேட்டரி. இதைப் பேசிட்டு மத்ததைப் பேசலாம்” என்றார். அவளைப் பார்த்து அன்று ஒரு பாராட்டும் அவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும் மட்டும், “நானா இருந்தாலும் டிரைவர்கிட்டதான் நின்னிருப்பேன்னு நினைக்கிறேன். நிச்சயமா சொல்லத் தெரியலைம்மா” என்றார். அந்த நிச்சயமின்மை அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் அவளுக்கு அன்றைய மத்தியானத்தைவிடக் கனமாக இருந்தன. டீச்சரின் ரத்த அளவு முதல் வாரம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். அறுவை சிகிச்சை நாள் தள்ளிப்போனது. தங்கை எடுத்திருந்த விடுப்பை ரத்து செய்து, அலுவலகத்தில் மறுபடி கெஞ்ச வேண்டியதாயிற்று. டாக்டர் இரும்புச் சத்தும், ரத்தம் ஊறுவதற்கான ஊசியும் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் பரிசோதனை முடிவு வருவதற்குள் அவள் வீட்டில் ஒரு காரியமும் உருப்படியாகச் செய்யவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்கவிட்டாள். “உன் உடம்பு இங்க இருக்கு, நீ எங்கே இருக்கே?” என்று கணவன் கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அன்று வேடிக்கை எதுவும் பேசவில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு, புதிதாகப் பாலை வைத்தான்.

டீச்சர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கையை நீட்டுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். டிரைவருக்கு யாரோ நடந்ததைச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கலகலப்பான மனிதர் சுருங்கிப்போனார். பிறகு ஒருமுறைகூட அவர் வராமலிருக்கவில்லை. ஒருநாள் சிகிச்சை முடிந்து கிளம்பும்போது டீச்சரின் கட்டிலருகே போய், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “அந்தப் பழச்சாறு…” என்று தொடங்கினார். “போய்ட்டு வாங்க ஐயா, பஸ் போயிடும்” என்றாள் டீச்சர். குரலில் கடுமை இல்லை.

மூன்றாவது வாரத்தில் டீச்சரின் ரத்த அளவு இறங்குவதை நிறுத்தியது. அப்புறம் பிடிவாதமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இதற்கிடையில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். காலை ஷிப்டுக்கு முன்பு சிஸ்டர்களையும் பெருக்குகிற அக்காவையும்கூட வரிசையாக நிற்கவைத்து, வெறும் உப்புநீரைக் குழாயில் ஏற்றி, கைப்பிடியைச் சுற்றப் பழக்கினார். யார் சுற்றுவது, யார் குழாயைப் பார்ப்பது, யார் போன் செய்வது என்று அவளும் அவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். “மேடம் சொன்னா சரிதான்” என்பதை அவர் இன்னும் சொல்கிறார். இப்போது அதற்குப் பின்னால், “ஆனா எனக்கு ஒண்ணு தோணுது” என்று சேர்த்துக்கொள்கிறார்.

ஒரு துளி ரத்தமும் ஏற்றாமலே டீச்சருக்கு மறுபடி நாள் குறித்தார்கள். கடைசி டயாலிசிஸ் அன்று இவள்தான் ஊசியை உருவினாள். பஞ்சை வைத்துக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, டீச்சர் பேசினாள்.

“இன்னொரு தடவை அதே மாதிரி ஆனா என்ன பண்ணுவீங்க?”

அவளுக்கு மென்று விழுங்கத் தோன்றவில்லை. “முதல்லயே சுத்தச் சொல்லிச் சண்டை போடுவேன். அதுக்கும் மேல ஆச்சுன்னா… அதையேதான் செய்வேன் டீச்சர்.”

டீச்சர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எனக்குக் கோபம் முழுசா போகலை. போகும்னும் சொல்ல மாட்டேன்” என்றாள். “ஆனா அன்னிக்கு நீங்களே வந்து எதிர்ல உட்கார்ந்து சொன்னீங்களே. வேற யாராவது வந்து சுத்தி வளைச்சுச் சொல்லியிருந்தா நான் மறுபடி இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.”

அவள் பஞ்சை மெல்ல விலக்கிப் பார்த்தாள். இன்னும் கசிந்தது. மறுபடி அழுத்திக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தங்கை ஒரு மாதத்தில் அலுவலகம் போனாள். டீச்சர் அடுத்த பருவத்தில் கரும்பலகைக்குத் திரும்பினாள் என்று கேள்வி. அந்தப் பிரிவுக்கு அவள் அதற்கப்புறம் வரவே இல்லை. அவள் வரக்கூடாது என்பதுதான் அங்கே எல்லோருடைய ஆசையும். ஆறாவது மெஷினில் இப்போது புது பேட்டரி இருக்கிறது. அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறார். காலையில் அவருடைய கணுக்காலைத்தான் வரலாறு முதலில் அழுத்திப் பார்க்கிறாள்.